வெளிச்சுவருக்கு வண்ணம்: எந்தச் சுவருக்கு எது, எப்போது

தமிழ்நாட்டில் வீட்டின் வெளிப்புறத்துக்கு வண்ணம் பூச முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நிற அட்டையைப் புரட்டுவதிலிருந்தே தொடங்குகின்றன. எந்த நிறுவனத்தின் பெயிண்ட், எந்த நிறம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவையெல்லாம் பேசி முடிந்த பிறகே சுவரைப் பார்க்க ஆள் வருகிறார். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சுண்ணாம்பு, சிமென்ட் பெயிண்ட், அக்ரிலிக் எமல்ஷன் ஆகிய மூன்றில் எது ஒரு சுவரில் ஒட்டி நிற்கும், எது ஏடு ஏடாக உரியும் என்பதை அந்தச் சுவர் கட்டப்பட்ட விதமும், அதன்மேல் ஏற்கெனவே உள்ள பூச்சும், உள்ளே தங்கியுள்ள ஈரமும் தீர்மானிக்கின்றனவே தவிர, டப்பாவின் விலை தீர்மானிப்பதில்லை.

சுவரைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கும்போது கையில் மாவாக ஒட்டினால் பழைய பூச்சு வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம். உரிந்து தொங்கும் ஓர் ஏட்டைப் பிய்த்து அதன் பின்புறத்தைப் பார்ப்பது இன்னும் தெளிவான விடை தரும்: அங்கே சுண்ணாம்புப் பொடி படிந்திருந்தால், முன்பு வெள்ளையடித்திருந்த சுவரைச் சுரண்டாமலேயே எமல்ஷன் ஏற்றப்பட்டிருக்கிறது, மணல் ஒட்டிக்கொண்டு வந்தால், செங்கல்மேல் பூசிய சாந்தே உதிரத் தொடங்கியிருக்கிறது, பின்புறம் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால், சுவருக்குள்ளிருந்து வரும் நீர் பெயிண்ட் படலத்தை வெளியே தள்ளுகிறது. சாந்தின்மேல் விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளலான ஓசை எழும் இடங்கள் செங்கல்லை விட்டுப் பிரிந்தவை; அவற்றைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரம் பற்றிய ஐயம் நீடித்தால், இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் பெயிண்டுக்குத் தயாராகவில்லை.

நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுவதை ஓதம் என்பர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை வெண்ணிற உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து நிற்பது இதன் அடையாளம். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் குழைத்த சாந்திலும், கடற்கரையோர ஊர்களிலும் இத்தொல்லை அதிகம். இதன்மேல் விலையுயர்ந்த, நீர்புகாத பெயிண்டைப் பூசினால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், அல்லது வீட்டின் உட்பக்கம் கசியும். மேலிருந்து இறங்கும் ஈரத்தையும் பெயிண்ட் தீர்க்காது; மொட்டைமாடிக் குழாயின் விரிசல், சன்ஷேடின்மேல் தேங்கும் நீர், கைப்பிடிச் சுவரின் உச்சியில் உள்ள வெடிப்பு ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு முதலில் வர வேண்டும். அதன் பிறகு மிஞ்சும் தொகைக்கு ஏற்பப் பெயிண்டின் தரத்தைக் குறைத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

சுண்ணாம்பு இன்று ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கப்படுவது வருந்தத்தக்கது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. அந்தப் படலம் சுவரின் ஈரத்தை வெளியே விடுகிறது, அதன் காரத்தன்மை பூஞ்சையை எளிதில் அண்டவிடுவதில்லை, அதன் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட பழைய ஓட்டு வீடுகளுக்கும், செட்டிநாட்டு வீடுகளைப் போன்றவற்றின் சுவர்களுக்கும் இதுவே ஏற்றது. அத்தகைய சுவரை எமல்ஷனால் மூடுவது அதன் ஆயுளைக் குறைக்கும் செயல். குறைகளும் உண்டு: தொட்டால் கையில் ஒட்டும், கனமழையில் கரையும், ஆண்டுதோறும் அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு அடிக்க வேண்டியிருக்கும். தடித்த ஒரே பூச்சாக அடிக்காமல், துணியில் வடிகட்டிய சுண்ணாம்புப் பாலை மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளாக அடித்தால் உதிர்வது குறையும்.

சிமென்ட் பெயிண்ட் என்பது வெள்ளை சிமென்டும் நிறப்பொடியும் கலந்த தூள். நீரில் கரைத்துச் சில மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். பூசும் முன் சுவரை நனைப்பதும், பூசிய மறுநாள் முதல் சில நாட்கள் நீர் தெளித்துப் பதப்படுத்துவதும் கட்டாயம். பூசிய பின் தண்ணீர் தெளிக்காததே அது பொடியாக உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம். சொரசொரப்பான புதிய சிமென்ட் சாந்துக்கும் சுற்றுச்சுவருக்கும் குறைந்த செலவில் இது போதுமானது. ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் இது பிடிக்காது.

அக்ரிலிக் எமல்ஷன் என்பது நீரில் மிதக்கும் அக்ரிலிக் பிசின் துகள்கள், நீர் ஆவியானதும் ஒன்றோடொன்று இணைந்து நெகிழ்வான படலமாகும் பெயிண்ட். இதிலேயே குறைந்த விலை, நடுத்தரம், உயர்தரம் எனப் படிகள் உள்ளன. பிசினின் அளவும், பாசியைத் தடுக்கும் மருந்தும், நிறமியின் தரமும் கூடக்கூட விலை ஏறுகிறது. சிமென்ட் சாந்து பூசிய, காய்ந்த, உறுதியான சுவருக்கு நடுத்தர எமல்ஷன் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வெயிலும் சாரலும் நேரே தாக்கும் மேற்குச் சுவருக்கோ, கடலை நோக்கிய முகப்புக்கோ உயர்தரம் பொருந்தும். ஒரே வீட்டில் இரண்டு தரங்களைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. புதிய சாந்து குறைந்தது 28 நாட்கள் பதப்பட வேண்டும்; அதற்கு முன் பூசினால் அதன் காரம் நிறத்தை அரித்துத் திட்டுத்திட்டாக வெளிறச் செய்யும். காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் நெடுநாள் நிற்க, பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் விரைவில் மங்குகின்றன.

பொங்கலுக்குள் வண்ணம் பூசிவிட வேண்டும் என்ற வழக்கம், ஈரச் சுவரில் நன்கு பிடிக்கும் சுண்ணாம்புக்குப் பொருத்தமாக இருந்தது. எமல்ஷனுக்கு அது பொருந்தவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவர் மார்கழிப் பனியில் முழுதும் காய்வதில்லை. தை பிறந்து சில வாரங்கள் கழித்துத் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. கத்திரி வெயிலில் சூடேறிய சுவரில் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து, பிரஷ் தடங்கள் அப்படியே நின்றுவிடும். நிழலைப் பின்தொடர்ந்து, மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் பூசும் வழக்கத்தைத் தேர்ந்த பெயிண்டர்கள் இன்றும் விடுவதில்லை.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. 25 அடிக்கு 40 அடி அளவில் 20 அடி உயரமுள்ள மாடி வீட்டின் சுற்றளவு 130 அடி; ஆகவே வெளிச்சுவர் 2,600 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 250 கழித்து, மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் இரு புறங்களுக்கும் 780 கூட்டினால் 3,130 ஆகும். சமமான சுவரில் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரை வருமாதலால், 52 முதல் 63 லிட்டர் வரை தேவைப்படும். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவரிடம், அதிக நீர் கலந்து பெயிண்டை மிச்சப்படுத்தும் வேலை எளிதில் நடக்காது.

பொருளோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசுவதா, பொருளை வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுவதா என்பது அடுத்த கேள்வி. நேரில் நின்று பார்க்க ஆள் இருக்கும் வீட்டுக்குக் கூலி ஒப்பந்தமே மேல். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டர்களுக்கென டோக்கன் வைக்கும் வழக்கம் இருப்பதால், எதை வாங்குவது என்ற முடிவு வீட்டுக்காரரிடமே இருப்பது நல்லது. எந்த முறையானாலும் சுரண்டுதல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் பாசி கழுவுதல், விரிசல் அடைத்தல், பிரைமர், இரண்டு பூச்சு, சாரம் ஆகிய ஒவ்வொன்றும் தாளில் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கிரில்லிலும் மரக்கதவிலும் உள்ள பழைய எனாமலை உப்புத்தாளால் தேய்க்கும்போது நனைத்தே தேய்க்க வேண்டும் என்பதையும் அதில் சேர்ப்பது அவசியம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே அதற்கு முந்தைய எனாமலின் தூசி குழந்தைகளுக்குக் கேடானது. இறுதித் தவணையைச் சாரம் அவிழ்க்கும் முன் மேலேறிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். சன்ஷேடின் மேற்புறமும் கைப்பிடிச் சுவரின் உச்சியும் கீழிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, மழைநீர் முதலில் இறங்குவதும் அங்கேதான்.