ஐம்பது காசும் இரண்டு பைத்தான்களும்

அடுகோடியிலும் அடுத்துள்ள கோரமங்கலாவிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் மென்பொருள் எழுதுவோர் பலர். சிறு நிறுவனங்களுக்கு வட்டிக் கணக்கு, சம்பளக் கணக்கு நிரல்களை எழுதித் தருவோரும் அவர்களில் உண்டு. வணிகவியல் பயின்ற நாம் அவர்களுக்கு நிரல் கற்பிக்க முற்படுவது சற்று மிகைதான். எனினும் ஐம்பது காசைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

வங்கிப் பரிவர்த்தனைத் தொகையை முழு ரூபாயாக்க ரிசர்வ் வங்கி வகுத்துள்ள விதி எளியது. ஐம்பது காசும் அதற்கு மேற்பட்டதும் அடுத்த ரூபாயாகும்; குறைந்தது விடப்படும். ஆகவே ரூ.1,250.50 என்பது ரூ.1,251.

இத்தொகையைப் பைத்தான் மொழியின் 'ரவுண்ட்' கட்டளையிடம் கொடுத்தால், இரண்டாம் பதிப்பு 1,251 என்று விடையளிக்கும். 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்போ 1,250 என்று சொல்லும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது அதன் முறை. அம்முறைக்கு 'வங்கியாளர் முறை' என்றே பெயர் வழங்குகிறது. நம் நாட்டு வங்கிகளின் விதி அதுவன்று என்பதுதான் வேடிக்கை. 1,251.50 கொடுத்தால் இரு பதிப்புகளும் 1,252 என்றே கூறும். எனவே ஓர் எண்ணை மட்டும் சோதித்தவர் வேறுபாட்டைக் காணாமலே போகலாம்.

வகுத்தலிலும் இதே நிலை. 2,501ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பு அரை ரூபாயை விழுங்கிவிட்டு 1,250 என்னும், புதியது 1,250.5 என்னும். 'ஃப்யூச்சர்' தொகுதியிலிருந்து புதிய வகுத்தல் முறையை வரவழைக்கும் ஒரு வரியை நிரலின் தலைப்பில் இட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்தது. ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை ஒரே நாளில் மாற்றிவிட எல்லா அலுவலகங்களாலும் இயலுவதில்லை. இடைக்காலத்தில் ஒரே நிரல் இரண்டிலும் ஒரே விடை தர வேண்டும். அதற்கு 'டெசிமல்' என்னும் நூலகமே தக்கது, 2.4ஆம் பதிப்பிலிருந்து இரு தலைமுறைகளிலும் அது உண்டு. தொகையை மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாகக் கொடுக்க வேண்டும். முழுமையாக்கும் விதியையும் 'ரவுண்ட் ஹாஃப் அப்' என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிடில் இந்நூலகமும் இரட்டைப்படைக்கே செல்லும்.

எழுதி முடித்தபின் 1,250.49, 1,250.50, 1,251.50 ஆகிய மூன்று தொகைகளையும் இரு பதிப்புகளிலும் ஓட்டிப் பார்க்கலாம். 1,250, 1,251, 1,252 என வந்தால் அந்நிரல் தரும் தொகை வங்கிக் கணக்கோடு பொருந்தும்.