நெடுவாசலும் நிலத்தடி எரிவாயுவும்

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் நம்மவர் நினைவிற்கு முதலில் வருவது சித்தன்னவாசல். அம்மாவட்டத்தின் மற்றொரு 'வாசல்' 2017-ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரால் நெல், வாழை, தென்னை, பலா விளையும் நெடுவாசலே அது.

அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், முன்னரே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களை 31 ஒப்பந்தங்களாக ஏலதாரர்க்கு வழங்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நெடுவாசலும் அவற்றுள் ஒன்று. மறுநாளே ஊர்மக்கள் போராடத் தொடங்கினர். 'ஹைட்ரோகார்பன்' என்னும் சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே கூடிய பொருள்களுக்கு அது பொதுப்பெயர். பழங்கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடல்கள் வண்டலில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பல கோடி ஆண்டுகளில் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோ பண்டைத் தாவரங்களின் எச்சம்.

இவற்றை எரிபொருள் என்று மட்டும் கருதுவது பாதி உண்மையே. நம் குடும்பங்களுள் பல வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் உழவை நம்பியவை ஆதலின் யூரியாவையே சான்றாகக் கொள்வோம். எரிவாயுவிலுள்ள மீத்தேனை நீராவியோடு மிகுந்த வெப்பத்தில் வினைபுரியச் செய்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். காற்றின் நைட்ரஜனோடு அதனைக் கடும் அழுத்தத்தில் சேர்த்தால் அம்மோனியா உண்டாகும். மீத்தேனிலிருந்து முன்னர் வெளிப்பட்ட கரியமில வாயு வீணாவதில்லை. அம்மோனியாவோடு அது கூடியே யூரியா பிறக்கிறது. நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன்! மணலி, தூத்துக்குடி உர ஆலைகள் நெடுங்காலம் நாப்தாவைப் பயன்படுத்திப் பின்னர் எரிவாயுவிற்கு மாறின. புதுக்கோட்டைக்குத் தெற்கே அண்டை மாவட்டமான இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கி.மீ. நீளக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கிணற்றில் இறக்கும் பி.வி.சி. குழாயும் இவ்வழி வந்ததே. அதன் எடையில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து பெறும் குளோரின். எஞ்சியது பெரும்பாலும் பெட்ரோலியம் தந்த எத்திலீன்.

"யூரியா வேண்டும், குழாய் வேண்டும், எரிவாயுக் கிணறு மட்டும் வேண்டாவோ?" என்று அந்நாளில் ஏளனம் செய்தோர் உண்டு. இவ்வினாவில் நியாயம் பாதியே எனக் கருதுகிறோம். யூரியாவின் பயன் நாடு முழுதும் பரவுகிறது. கிணற்றின் இடரோ ஓர் ஊரின் நீரூற்றைச் சார்ந்தது. எரிவாயுவோடு ஆழத்து உப்புநீரும் மேலே வரும். கிணற்றின் எஃகுக் குழாயும் அதனைச் சூழ்ந்த சிமெண்டும் பழுதுபட்டால் அந்நீரோ வாயுவோ நன்னீர் அடுக்கில் கலக்கக்கூடும். மேலே கொணர்ந்த உப்புநீரைப் பாதுகாப்பாக அகற்றுவதும் எளிதன்று. ஆற்றுநீர் கெட்டால் அடுத்த வெள்ளம் ஓரளவு கழுவும். நிலத்தடி நீர் அவ்வளவு விரைவில் தெளிவதில்லை. நல்லாண்டார்கொல்லை முதலிய அண்டை ஊர்களில் முன்னரே ஆய்வுக் கிணறுகள் தோண்டப்பட்டதை அம்மக்கள் கண்டிருந்தனர். அவர்தம் அச்சம் வெறும் வதந்தியால் எழுந்ததன்று.

2017 மார்ச் 27-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏப்ரலில் போராட்டம் மீண்டும் எழுந்தது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நெடுவாசல் அடங்கிய திருவரங்குளம் ஒன்றியமும் அண்டையிலுள்ள கறம்பக்குடி ஒன்றியமும் அதனுள் அடங்கும். எனினும் மறு ஆண்டே நெடுவாசலை அடுத்த வடதெரு வயல் மத்திய அரசின் ஏல அறிவிப்பில் இடம்பெற்றது. அதனைக் கைவிடக் கோரி 2021 ஜூன் 13-ஆம் நாள் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.