குழுவைத் திறந்தாச்சு, கதவுக்கு யார் பொறுப்பு?

இந்த மாதக் கூட்டத்தில் நாம் பேசப் போகும் பாடம் நம் கைப்பேசியிலேயே இருக்கிறது: நமது புலனக் குழு. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். திருமுறை வகுப்பு எத்தனை மணிக்கு, திருவிழாவுக்கு வாழைமரம் யார் கொண்டு வருவது, ஈப்போவுக்கு இறங்கும் காரில் இடம் இருக்கா, எல்லாம் அதில்தான். குடும்பங்கள் தோட்டத்தை விட்டு தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன பிறகு, லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் குழுவுக்குள் வந்துவிட்டது.

போ தோட்டம் தொடங்கியது 1929ல். அந்தக் கால வழக்கப்படி சேதி என்றால் விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் சொல்வதுதான். சொன்னவர் முகம் எல்லாருக்கும் தெரியும். தப்பாகச் சொன்னால் சாயந்திரம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். குழுவில் வரும் சேதிக்கு முகம் கிடையாது. அனுப்பியவரைக் கேட்டால் "எனக்கும் வந்துச்சு, அனுப்பினேன்" என்பார். அதனால்தான் குழுவுக்குக் கட்டுப்பாட்டு வசதிகள் வேண்டியிருக்கிறது. வாட்சாப் என்கிற புலனத்திலும் டெலிகிராமிலும் அவை காசில்லாமலே கிடைக்கின்றன. ஆனால் சண்டை வந்த ராத்திரிதான் அவற்றைத் தேடுகிறோம்.

இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் கூடும் குழுவை நினைத்து எழுதியவை. விதியை மீறினால் ஆளை நீக்கு, வேலை முடிந்தது. தோட்டத்தில் அது நடக்குமா? நீங்கள் நீக்கும் ஆள் உங்கள் அம்மாவின் தம்பியாக இருப்பார். மறுநாள் காலையில் கோயிலில் அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அவரைத் தூக்கினால் அவர் குடும்பமே வெளியே போகும். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு பந்தல் போடுவார்கள். தாப்பா பாதையில் லாரி ஓட்டும் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். மலை இறங்கும்போது சின்ன கியரில் போட்டுத்தான் இறங்குவார்கள், பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். நமக்கும் அந்தச் சின்ன கியர்தான் முக்கியம். ஆளை நீக்குவது கடைசி பிரேக்.

முதலில் கதவு. குழுவின் அழைப்பு இணைப்பை யாராவது முகநூலில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். புலனத்திலும் டெலிகிராமிலும் புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். விண்ணப்பிப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை? தங்க முதலீட்டு ஏமாற்றுக்காரனால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய இணைப்பை அவ்வப்போது ரத்து செய்து புதியது எடுப்பதும் நல்லது.

அடுத்தது தொலைபேசி எண். நம்மில் பல பேர் இதை யோசிப்பதே இல்லை. புலனக் குழுவில் சேர்ந்த நிமிடத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையின் எண் குழுவில் உள்ள அத்தனை பேர் கண்ணிலும் படும். அறிவிப்பு பார்க்க வந்த பிள்ளைக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக "ஹாய்" வரும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். குழுவிலிருந்து விலகிவிடுவாள், பிறகு வகுப்புக்கும் வர மாட்டாள், நாம் "பொண்ணுங்க ஆர்வமே காட்டுறதில்ல" என்று பேசிக்கொள்வோம். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொண்டு பெயரோடு மட்டும் இருக்கலாம். புலனத்திலேயே இருக்க வேண்டுமென்றால் கம்யூனிட்டி என்ற அமைப்பைத் தொடங்குங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் அறிவிப்பு போட முடியும், உறுப்பினர்கள் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. வகுப்பு நேரம், திருவிழா வேலை, மழை எச்சரிக்கை எல்லாம் அங்கே. அரட்டைக்குத் தனிக் குழு, விருப்பப்பட்டவர்கள் சேரட்டும். மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்பேன்.

மூன்றாவது வேகம். கோபத்தில் எழுதும் ஆள் ஒரு நிமிடத்தில் பத்துப் பதிவு போடுவார். டெலிகிராமில் மெதுவோட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்தது போட சில வினாடியிலிருந்து 1 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதை அட்மின் முடிவு செய்யலாம். தேர்தல் காலத்திலும், பந்துப் போட்டி முடிந்த ராத்திரியிலும் 5 நிமிடம் போட்டுப் பாருங்கள், பாதிச் சண்டை எழுந்திருக்காது. எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் மானப் பிரச்சினையும் இல்லை. ஒருவரை மட்டும் ஒரு நாளோ ஒரு வாரமோ எழுத முடியாமல் நிறுத்தி வைக்கவும் டெலிகிராமில் வழி உண்டு. குழுவில் இருப்பார், படிப்பார், எழுத மட்டும் முடியாது. புலனத்தில் ஒருவரை மட்டும் அப்படி நிறுத்த முடியாது. எல்லார் வாயையும் சேர்த்துத்தான் மூடலாம். சண்டை முற்றிய ராத்திரிக்கு அதுவும் உதவும்.

கெட்ட வார்த்தைகளைத் தானாகவே அழிக்கும் பாட்டுகளும் டெலிகிராமில் உண்டு. (பாடும் பாட்டு இல்லை, தானாக வேலை செய்யும் நிரல்.) இவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரே வசைச்சொல்லை ஆறு விதமாக எழுதலாம், நடுவில் ஒரு புள்ளி வைத்தால் ஏழாவது. பாதி மலாய் கலந்து திட்டினால் எந்தப் பட்டியலிலும் இருக்காது. மறுபக்கம், அவசரத்தில் 'மயி' என்று தொடங்குவதை எல்லாம் தடுத்து வைத்தால் தைப்பூசத்தன்று மயில் வாகனம் பற்றிய பதிவெல்லாம் காணாமல் போகும். வாய்ஸ் பதிவையும் ஸ்டிக்கரையும் பாட் படிக்காது. சாதி சொல்லிக் குத்துவது இன்னும் மோசம். அதற்குக் கெட்ட வார்த்தையே வேண்டாம், "உங்க ஆளுங்க" என்று ஒரு சொல் போதும். அதைப் புரிந்துகொள்ள மனிதன்தான் வேண்டும். பாட் வேண்டுமென்றால் வெளி இணைப்புகளையும் விளம்பரத்தையும் அழிக்க வையுங்கள், அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

இனி ஃபார்வர்ட். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

2018 மே 9, தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிற்கிறது. அதில் நம் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற பொய்ச் சேதி அந்த வாரங்களில் புலனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டு அடித்ததில் குடும்பத்து மூதாட்டி இறந்துபோனார். அந்த ஆண்டு இந்தியாவில் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகுதான் புலன நிறுவனம் ஒரு சேதியை ஒரே தடவையில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி அங்கே கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. பல கை மாறி வந்த சேதிக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட சேதியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்.

நம் மலைக்கு வருவோம். 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பிறகு ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. அதிலிருந்து கனமழை பெய்தாலே "அணை திறந்துட்டாங்களாம்" என்று ஒரு வாய்ஸ் போதும், ஆயா தாத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிப்பார்கள். பொய்ச் சேதி நாலு தடவை வந்தால் ஐந்தாவது தடவை நிஜமாகவே சைரன் அடிக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு விதி வையுங்கள்: மழை, மண்சரிவு, அணை, சாலை மூடல் பற்றிய சேதியை அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டுமே போடுவார். அதிகாரிகளின் அறிவிப்பைப் பார்த்த பிறகு, நேரத்தோடு போடுவார். கண்ணால் பார்த்தவர் அரட்டைக் குழுவில் இடம், நேரம், தான் எடுத்த படம் மூன்றும் சேர்த்துப் போடலாம். இரட்டை அம்பு போட்டு வந்தது எதுவாக இருந்தாலும் அட்மின் அழிப்பார். சந்தேகம் வந்தால் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் தேடிப் பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அட்மின் பெயரில்தான் அது வந்து நிற்கும். 1950 ஆதாரச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு பதிவில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ பெயர் காட்டுபவர், பதிவு வெளிவர வழி செய்தவர், அவரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. 2021 பிப்ரவரி 19ல் வாசகர்கள் எழுதிய கருத்துக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். கேரள உயர் நீதிமன்றம் 2022ல் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று சொன்னதைக் காட்டி "ஒன்னும் ஆகாது" என்பார்கள். அது அந்த ஊர்த் தீர்ப்பு.

2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் சமூகத்துப் பெண் ஒருவர் இணையத்தில் தொடர்ந்து அவமானப்படுத்தப்பட்ட பின் இறந்துபோனார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடே கொதித்தது. இணையத் துன்புறுத்தலுக்கான 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. யாரையாவது குறிவைத்துக் கேலி தொடங்கினால் "சும்மா விளையாட்டுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். பதிவைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அழியுங்கள், அந்தப் பிள்ளைக்கு உடனே போன் போட்டுப் பேசுங்கள். ஒரே விதிவிலக்கு: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆபாசப் படம் வந்தால் ஆதாரத்துக்கென்று சேமிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். அனுப்பியவர் எண், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு போலீசுக்குப் போங்கள்.

யார் அட்மின்? ஒருவர் மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். மலை வளைவு தாண்டினால் லைன் போய்விடும் ஊர் இது. புலனத்தில் இருக்கும் ஒரே அட்மினும் கோபித்துக்கொண்டு வெளியேறினால் யாரோ ஓர் உறுப்பினரை அந்த ஆப்பே அட்மின் ஆக்கிவிடும், அது யார் என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும்: ஒருவர் பெண் பிள்ளை, ஒருவர் கீழே ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர், ஒருவர் பெரியவர்கள் மதிக்கும் மூத்தவர். மூவரும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டிருக்க வேண்டும். ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்கைத் திருடுகிறவர்கள் அட்மின் கணக்கு கிடைத்தால் விடுவார்களா?

மாமாவின் பதிவை எடுக்க வேண்டி வந்தால் குழுவில் எதுவும் எழுதாதீர்கள். அழித்துவிட்டுத் தனியாகச் சொல்லுங்கள்: "மாமா, கோவிச்சுக்காதீங்க, இரட்டை அம்பு போட்டு வந்ததை எல்லாம் எடுக்கணும்னு கூட்டத்துல முடிவு பண்ணிருக்கோம். நேத்து என் தம்பி போட்டதையும் எடுத்தேன்." அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். சொந்தத் தம்பிக்கு ஒரு விதி, மாமாவுக்கு ஒரு விதி என்றால் தோட்டத்தில் ஒரு நாளில் தெரிந்துவிடும். முதல் தடவை தனிப் பேச்சு, இரண்டாம் தடவை ஒரு நாள் நிறுத்தம், அப்புறம் ஒரு வாரம். நீக்குவதென்றால் மூன்று அட்மினும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவரே வந்து பேசவும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும்.

யார் எதை அழித்தார் என்ற பதிவை டெலிகிராம் 48 மணி நேரம்தான் வைத்திருக்கும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, யாருடைய பதிவு, எதற்காக எடுத்தது, எடுத்தவர் கையெழுத்து. கணக்குப் புத்தகத்தைப் படிப்பது போல அதையும் மாதக் கூட்டத்தில் படியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்று அட்மின்களின் பெயரும் அதன் முதல் பக்கத்தில் எழுதியிருக்கட்டும்.