மேடும் நீரும்: நந்திமலைக்கு ஒரு மிதிவண்டிப் பாதை

நுழையும்முன்

பெங்களூர் நகரின் நடுவே பேராறு எதுவும் ஓடுவதில்லை. ஆயினும் அந்நகருக்கு வடக்கே, மிதிவண்டியில் அரைநாளில் சென்றடையக்கூடிய நந்திமலைத் தொடரிலும் அதைச் சூழ்ந்த மேட்டு நிலத்திலும் நான்கு ஆறுகள் தோன்றுகின்றன. அம்மலைக்குச் செல்லும் அமைதியான சிற்றூர்ப் பாதையையும், அப்பாதையில் மிதித்துச் செல்வோர் நீரைப் பற்றி அறிந்துகொள்ளும் உண்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

இரு வழிகள்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நந்திமலையின் உச்சி 1,478 மீட்டர் உயரமுடையது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

நந்திமலைக்கு இரு வழிகளில் செல்லலாம். ஒன்று, வானூர்தி நிலையத்தை ஒட்டிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அது அகலமானது, நேரானது. ஆனால் விரைந்து செல்லும் பேருந்துகளுக்கும் சரக்குந்துகளுக்கும் இடையே மிதிவண்டிக்கு அங்குப் பாதுகாப்பு இல்லை. மற்றொன்று, மேற்கே ஹெசரகட்டாவைத் தொட்டு, ராஜானுகுண்டே, தொட்டபள்ளாபுரா ஆகிய ஊர்கள் வழியாகச் செல்வது. இது சற்றே நீண்டது. எனினும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில் பழகியவர்கள் இத்தகைய வழியையே விரும்புவர். வரைபடத்தில் மெல்லிய கோடாக, ஓர் ஊரை அடுத்த ஊரோடு இணைக்கும் சாலையே அவர்கள் தேடும் பாதை. விடியலுக்கு முன் புறப்பட்டால், நகரின் நெரிசல் தொடங்குவதற்குள் ஊர்ப்புறத்தை அடைந்துவிடலாம்.

ஹெசரகட்டாவில் பரந்த புல்வெளி உள்ளது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து வலசை வரும் பூனைப் பருந்துகள் அப்புல்வெளியின் மேல் தாழப் பறப்பதைக் காணலாம். அடுத்துள்ள தொட்டபள்ளாபுராவில் விசைத்தறிகளின் ஓசை கேட்கும். பட்டு நெசவு அவ்வூரின் தொழில். அதற்குப் பின் கேழ்வரகுக் கொல்லைகளும் முசுக்கொட்டைத் தோட்டங்களும் திராட்சைப் பந்தல்களும் மாறி மாறி வருகின்றன. இப்பகுதியில் விளையும் 'பெங்களூர் நீலம்' என்னும் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. மகிழுந்தில் செல்வோருக்கு இவை அனைத்தும் பச்சை நிறமாக மட்டுமே தோன்றி மறையும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கோ பயிரின் பெயரைக் கேட்டறியவும் நேரம் இருக்கும்.

ஏற்றம் ஏறும் முறை

இப்பாதையில் சிறு மேடுகள் பல உண்டு. ஆயினும் உயரத்தின் பெரும்பகுதி மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை செல்லும் கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் உள்ளது. அங்குச் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது.

ஏற்றத்தில் உதவுவது கியர். மிதிகட்டையோடு இணைந்த முன் பல்சக்கரமும் பின் சக்கரத்தோடு இணைந்த பல்சக்கரமும் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. முன்னே 50 பற்களும் பின்னே 11 பற்களும் இருந்தால், மிதிகட்டையை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 9.5 மீட்டர் செல்லும். சமவெளிக்கு அது ஏற்றது. முன்னும் பின்னும் 34 பற்கள் இருந்தால், ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் மட்டுமே செல்லும். அதாவது, ஒரு கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 480 முறை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதியும் எளிதாகிறது. ஆனால் மிதிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. கியர் உழைப்பைக் குறைப்பதில்லை. ஒரு பெரும் உழைப்பைப் பல சிறு உழைப்புகளாகப் பகிர்ந்து தருகிறது.

இறக்கத்தில் வேறு கவனம் தேவை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் அது சூடேறி வலுவிழக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். காலைப் பனிமூட்டத்தில் சாலை ஈரமாக இருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

நீர் பிரியும் மேடு

மலையடிவாரத்திலுள்ள நந்தி என்னும் சிற்றூரில் போக நந்தீசுவரர் கோயில் அமைந்துள்ளது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்தில் தொடங்கிய இக்கோயில், பின்னர் சோழர், ஹொய்சளர், விஜயநகர வேந்தர் ஆகியோர் காலங்களில் விரிவடைந்தது. நாற்புறமும் படிகள் இறங்கும் அழகிய திருக்குளம் ஒன்றும் இங்கு உண்டு. மழைநீரைத் தேக்கி வாழ்ந்த மக்களின் அறிவை அக்குளமும், வழியெங்கும் காணப்படும் ஏரிகளும் காட்டுகின்றன.

இம்மலைப் பகுதியில் பெய்யும் மழை பல திசைகளில் பிரிகிறது. ஒரு பகுதி வடபெண்ணையாகி ஆந்திரத்தின் நெல்லூர் அருகே கடலில் கலக்கிறது. ஒரு பகுதி பாலாறாகி வேலூர், காஞ்சிபுரம் பகுதிகளை நோக்கிச் செல்கிறது. மற்றொரு பகுதி அர்க்காவதியாகித் தெற்கே சென்று காவிரியில் சேர்கிறது. இன்னொரு பகுதி தென்பெண்ணையாகி ஒசூர், கிருட்டிணகிரி, திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. மேட்டின் எப்பக்கத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து, மழைநீர் சேரும் ஆறு மாறுகிறது. மிதிவண்டியில் வருபவர் அந்த மேட்டைத் தம் கால்களால் உணர்கிறார். மிதிப்பது கடினமானால் சாலை மேடேறுகிறது. தானே எளிதானால் நீர் செல்லும் திசையில் வண்டியும் செல்கிறது.

நீர் ஏறும் 500 மீட்டர்

பெங்களூர் தொடக்கத்தில் அருகிலுள்ள நீரையே நம்பியிருந்தது. 1894இல் அர்க்காவதியின் குறுக்கே ஹெசரகட்டாவில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, அங்கிருந்து நகருக்குக் குழாய்வழி நீர் வந்தது. நகரம் வளரவே, 1933இல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் போதாமற்போகவே, 1974 முதல் காவிரி நீர் கொண்டுவரப்படுகிறது. அந்நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு மின்விசையால் ஏற்றப்படுகிறது.

500 மீட்டர் என்பது பாடநூலில் ஓர் எண். பெங்களூரிலிருந்து நந்திமலை உச்சியை மிதித்து அடைந்தவருக்கு அவ்வெண் மூச்சு வாங்குதலும் கால் வலியும் ஆகும். ஏனெனில் நகருக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட உயர வேறுபாடு ஏறத்தாழ 560 மீட்டர். அதாவது, காவிரி நீர் ஏறும் உயரத்தைவிடச் சற்றே மிகுதி. 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோகிராம். அவ்வெடையை வண்டியில் கட்டிக்கொண்டு அதே மலையை ஏறுவதாக எண்ணிப் பார்த்தால், ஒரு வாளி நீரின் பின்னுள்ள உழைப்பு விளங்கும்.

மேலும் கீழும்

பயன்படுத்திய நீர் எங்குச் செல்கிறது? நகரின் கழிவுநீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலங்களில் வெண்ணுரை மலைபோல் எழுவதற்கு, மேலிருந்து வரும் கழிவுகளே காரணம். நந்திமலைப் பகுதியில் தெளிந்த நீராகப் பிறந்த ஆறு, தமிழ்நாட்டு எல்லையைத் தொடும்போது நுரையோடு வருகிறது. அந்நீரைக் கொண்டே அப்பகுதி உழவர் பயிர் செய்கின்றனர்.

மலைப்பக்கமும் துன்பமற்றதன்று. சிக்கபள்ளாபுரா மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பல ஆயிரம் அடிக்கும் கீழே சென்றுவிட்டன. குன்றுகள் சில கல்லுக்காக உடைக்கப்படுகின்றன. ஆகவே பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மைசெய்து, ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியாக அம்மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றி அனுப்புகின்றனர். மேட்டிலிருந்து இயல்பாக இறங்கி வந்த நீரைக் காக்கத் தவறிய நகரம், தான் பயன்படுத்திய நீரை மீண்டும் அம்மேட்டுக்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

இச்சிறுபாதைகளின் அமைதியும் எளிதில் குலைவதே. வார இறுதியில் நந்திமலைச் சாலை வாகனங்களால் நிரம்பிவிடுகிறது. ஆகவே பயணம் செய்வோர்க்குச் சில கடமைகள் உண்டு. கொண்டுசென்ற நெகிழிப் பொருள்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அறுவடைக் காலத்தில் உழவர் கேழ்வரகுத் தாளைச் சாலையில் பரப்பியிருப்பர். தாள் சங்கிலியில் சிக்கும், சக்கரமும் வழுக்கும். அங்கு இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை. அது தமக்கும் நல்லது, உழவருக்கும் மதிப்பு. ஏரிக்கரையில் வண்டியைக் கழுவுதல் கூடாது. அந்த ஏரிக்குக் கீழேயும் ஊர்கள் உள்ளன.

மொழி அறிவோம்

தமிழில் 'ப' எனத் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் 'ஹ' எனத் தொடங்குகின்றன.

பால் – ஹாலு
புலி – ஹுலி
பத்து – ஹத்து
பள்ளி – ஹள்ளி

'பள்ளி' என்னும் சொல்லுக்குச் சிற்றூர் என்றும் ஒரு பொருள் உண்டு. திப்பகொண்டனஹள்ளியில் உள்ள 'ஹள்ளி'யும் கெலவரப்பள்ளியில் உள்ள 'பள்ளி'யும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. 'தொட்ட' என்றால் பெரிய. 'சிக்க' என்றால் சிறிய.

சொற்பொருள்

வலசை – பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தல்
தாள் – கதிர் நீங்கிய பயிர்த்தண்டு
முசுக்கொட்டை – பட்டுப்புழுவுக்கு உணவாகும் இலையைத் தரும் செடி
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நந்திமலையின் உயரம் ______ மீட்டர்.
2. அர்க்காவதி ______ ஆற்றில் சேர்கிறது.
3. ஹெசரகட்டா நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மிதிவண்டியில் செல்வோர் நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது ஏன்?
2. கியர் ஏற்றத்தில் எவ்வாறு உதவுகிறது?
3. கேழ்வரகுத் தாள் பரப்பிய சாலையில் எவ்வாறு செல்ல வேண்டும்?

இ. விரிவாக விடை எழுதுக.
மலைமேட்டில் வாழ்வோர், நகரத்தார், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் உழவர் ஆகிய மூவரையும் நீர் எவ்வாறு இணைக்கிறது என்பதைப் பாடத்தின் வழி விளக்குக.

ஈ. சேர்த்து எழுதுக.
1. சிறுமை + ஊர்
2. வெண்மை + நுரை
3. மேடு + நிலம்

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி நீர் செலவாகிறது எனக் கணக்கிடுக. வீட்டிலிருந்து வெளியேறும் நீர் எந்த ஏரிக்கு அல்லது ஆற்றுக்குச் செல்கிறது எனப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.