காற்றைப் பார்த்து நட, கேளையாடு தெரியும்

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் திருவொற்றியூர் சாத்தாங்காட்டில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கிற எவருக்கும் அந்த ஆலை வாடை தெரியும். கடல்காற்று ஏறினால் அது பின்வாங்குவதும் தெரியும். அடர்ந்த காட்டில் மான் தேட இந்த அறிவுதான் முதல் தேவை. லென்ஸ் எல்லாம் அப்புறம்.

நான் சொல்வது கேமரா வேட்டை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றைக்குத் துப்பாக்கி வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

சனிக்கிழமை ஷட்டரை இறக்கியதும் கிளம்புங்கள். வழி: பொள்ளாச்சி, சேத்துமடை சோதனைச்சாவடி, டாப்சிலிப் காடு. அறையை முன்பே பதிவு செய்துவிடுங்கள். அட்டைக்கடிக்கு நீளமான காலுறை. பயண ஏற்பாடு இவ்வளவுதான்.

புள்ளிமானுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம், கிண்டியிலேயே கூட்டமாக மேய்கிறது. நான் போனது கேளையாட்டுக்காக; பெயரில் ஆடு இருந்தாலும் அதுவும் மான்தான். 20 கிலோ சொச்சம்தான் எடை, பெரும்பாலும் தனியாகத் திரியும். ஆள் வாடை பட்டால் நாய் மாதிரி குரைத்துவிட்டுப் புதருக்குள் போய்விடும். அது குரைத்துவிட்டால் அந்தச் சரிவில் அன்றைக்கு வேலை முடிந்தது.

எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது. காலை வெயில் சரிவில் விழ ஆரம்பித்திருந்தது. வெயில் ஏறினால் சரிவுக் காற்று சூடாகி மேலே போகும்; சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். நாங்கள் நின்றது கீழே, கேளையாடு வரும் அத்திமரம் மேலே. அதாவது எங்கள் வாடை எங்களுக்கு முன்னாலேயே மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. விபூதியைக் கிள்ளித் தூவிக் காட்டினேன். தூள் நேரே மேட்டைப் பார்த்துப் பறந்தது. சுற்றிப்போய் மேலிருந்து இறங்கலாம் என்றேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலரும், "ஆமா சார், சுத்தித்தான் போகணும்" என்றார். குழுவைக் கூட்டி வந்த அண்ணா நகர் நண்பர் கேட்கவில்லை. "திருவொற்றியூர்ல இரும்பு தூக்குறவருக்குக் காட்டைப் பத்தி என்னங்க தெரியும்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டு நேராக ஏறினார். பாதித் தூரம்கூடப் போகவில்லை, மேலே குரைப்புச் சத்தம். ஒரு முடியைக்கூட யாரும் பார்க்கவில்லை.

அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. மா. கிருஷ்ணனும் (1912–1996) சென்னையில் வாழ்ந்தவர்தான். காடுகளில் அலைந்து கறுப்பு வெள்ளையிலேயே அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் வைத்துப் பாடம் படிக்கிறார்கள். ஊரை வைத்து ஆளை எடைபோடுபவரோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

அன்று சாயங்காலம் நண்பர் அறையிலேயே இருந்துவிட்டார். நானும் காவலர் அண்ணனும் மட்டும் போனோம். காற்று இறங்கும் நேரம் என்பதால் மரத்துக்குக் கீழே, ஒரு பெரிய வேருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். நடக்கவே இல்லை. சருகில் மனிதன் வைக்கும் அடி ஒரே தாளமாகக் கேட்கும்; மான் இரண்டடி வைத்து நிற்கும், மறுபடி வைக்கும். அந்த நின்று நின்று வரும் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வந்தது கிடா. நெற்றியிலிருந்து மயிர் மூடிய அடிக்கொம்பு, அதன் நுனியில் குட்டைக் கொம்பு. உதிர்ந்த அத்திப்பழத்தைப் பொறுக்கித் தின்றது. சாதாரண கேமராவில் எடுத்த படம், முகத்துக் கறுப்புக் கோடு வரை தெளிவாக இருக்கிறது.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். ராணுவப் புள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு கீழே நீல ஜீன்ஸ் மாட்டினால் பயனில்லை. பளிச்சென்று வெளுக்கும் சோப்புத்தூளில் துவைத்த துணியும் வேண்டாம். நாம் வேலைக்குப் போடும் வெளுத்த காக்கியே போதும். தலைக்கு வாசனை எண்ணெய், பவுடர் இரண்டும் கூடாது.

சருகுமான் வேண்டுமென்று காவலரை நச்சரிக்காதீர்கள். மூன்று கிலோ அளவு உடம்பு, பெரும்பாலும் இரவில் நடமாட்டம், அசையாமல் நின்றால் சருகோடு சருகு. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு இறங்க உங்களுக்கு அனுமதியும் கிடையாது. அந்த நேரத்தில் தூங்கி எழுந்து, விடிந்ததும் விபூதியைத் தூவிப் பாருங்கள்.