கோணிய விரல்களும் ஒரு புதிய கேள்வியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு காரியம் கெட்டுப் போனால் "போகட்டும்" என்போம். அடுத்தடுத்து நாலு காரியம் கெட்டால், எங்கள் வாடிப்பட்டிப் பக்கத்தில் "நேரம் சரியில்லை" என்று சொல்லி அத்துடன் பேச்சை முடித்துவிடுவார்கள். மேடையில் பேசுகிறவர்களோ "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று முழங்கிவிட்டு இறங்கிப் போவார்கள். முதல் பேச்சு மனிதனைக் கையைக் கட்டி உட்கார வைக்கிறது. இரண்டாவது பேச்சு, எந்த மார்க்கம் என்று சொல்வதே இல்லை. தொடர்ந்து அடி விழும்போது மனம் மாற வேண்டும் என்கிறார்களே, அப்படி மாறும்போது உண்மையில் மாறுவது எது? இதை எனக்கு விளங்க வைத்தது, நம் மதுரையிலேயே வாழ்ந்து மறைந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களின் வாழ்க்கை.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்துபோனதைச் சிறு வயதில் கண்டவர். ஆகவே, மகப்பேறு மருத்துவராவதே அவருடைய இலட்சியமாக இருந்தது. இடையில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைப் பிடித்தது.

இந்த நோயைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். அதிகம் வேலை செய்து மூட்டு தேய்வதால் வருவதல்ல இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. மூட்டு வீங்கி, நாளடைவில் விரல்கள் கோணிப்போகின்றன. 1948இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, நெடுநாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார் வெங்கடசாமி. பேனா பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. வேலை போயிற்று, உடல் போயிற்று, சிறு வயது முதல் கட்டி வைத்திருந்த மகப்பேறு மருத்துவக் கனவும் போயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பது.

"இந்தக் கையால் இனி அந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்பதே நேர்மையான பதில். மன உறுதியை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பதில் மாறப் போவதில்லை. அவர் செய்ததைப் பார்த்தால், கேள்வியையே மாற்றிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது: "இந்தக் கை எந்த வேலைக்குப் போதும்?" (அவர் மனத்தில் இதே சொற்கள் ஓடின என்று நான் சாதிக்கவில்லை, அவர் செயலிலிருந்து நான் வாசித்துக்கொண்டது இது.) மனிதக் கண்ணின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். அதற்குள் கத்தி நகரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். அங்கே பலத்துக்கு வேலை இல்லை, நிதானத்துக்கே வேலை. கண் மருத்துவம் பயின்றார். தம் கோணல் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தி பிடிக்கப் பழகினார். பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்ததும், வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கு மேல் செய்ததும் அந்தக் கைகளே.

நம் வகுப்புகளில் இருப்பவர்களில் பலர் என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே வெப்பவியலை ஆங்கிலத்தில் திறந்தவுடன் திகைக்கிறோம். இரண்டு தாள் அரியர் விழுந்ததும் "நமக்குப் படிப்பு வருமா?" என்ற கேள்வி எழுகிறது. எங்கள் ஊரிலிருந்து என்னோடு பஸ் ஏறியவர்களில் இருவர் அந்தக் கேள்விக்குத் தாங்களாகவே பதில் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டார்கள். இருவருமே என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவார்கள். "படிப்பு வருமா?" என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள். "இந்தப் பக்கத்தில் எந்தச் சொல் புரியவில்லை?" என்று கேட்டால் நாளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. நான் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டில் சொற்களை எழுதிப் படித்து வருகிறேன்.

வெங்கடசாமி 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், இன்று அரசு இராஜாஜி மருத்துவமனை எனப்படும் எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் மருத்துவராகவும் பொறுப்பேற்றார். கண்புரை முற்றிய கிராமத்து ஏழைகள் மருத்துவமனைக்கு வரவில்லை. அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் பார்வையற்றவர் தனியே வர முடியாது. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். பஸ் காசு வேறு. ஆகவே 1960களில் அவர் குழுவோடு கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தினார். 1976இல் பணி ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் உடன் உழைத்தார்கள். தனி மனிதரின் மனமாற்றம் என்று மட்டும் இதைச் சொன்னால், அந்தக் குடும்பத்தின் உழைப்பை மறைத்தவர்களாவோம்.

இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையான பகுதி இனிமேல்தான். கண்ணின் மொத்தக் குவிதிறன் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளிருக்கும் வில்லையுடையது. புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டால் அந்தத் திறன் போய்விடும். ஈடுகட்ட அக்காலத்தில் 10 டயாப்டர் அளவுள்ள தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பூட்டனாரின் படத்தில் அந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடியைக் காணலாம். கண்ணுக்கு வெளியே தள்ளி நிற்பதால் அது பொருள்களைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். படி எங்கே, தரை எங்கே என்று கால் தடுமாறும். மாற்று வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாதது. "இவ்வளவு விலையை யார் கொடுப்பார்?" என்று நிற்காமல், "இதை மதுரையில் செய்தால் என்ன?" என்று கேட்டார்கள். 1992இல் ஆரோலேப் பிறந்தது. இறக்குமதி விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு வில்லை கிடைத்தது.

2006 ஜூலை 7ஆம் நாள் வெங்கடசாமி காலமானார். கோணிய விரல்கள் கடைசி வரை நேராகவில்லை.

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, முகாம் பஸ்ஸில் போய்க் கண் அறுவை செய்துகொண்டு வந்த என் அப்பத்தாவிடம், உங்கள் கண்ணில் இருப்பது எந்த வில்லை என்று கேட்டேன்.

"என்னமோ வச்சாங்கப்பா. பூக்கட்ட நல்லாத் தெரியுது" என்றார்.