மூலைமட்டமும் கவராயமும்

கோவில்பட்டி

அன்பு மகளுக்குப் பெரியப்பா ஆசி கூறி எழுதுவது.

ஐப்பசி மழை இவ்வாண்டு காலத்தில் பெய்ததால் உளுந்தும் பாசியும் நன்றாக முளைத்திருக்கின்றன. உன் கடிதம் கிடைத்தது. எழும்பூரில் எத்திராஜ் சாலையில், 1925-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஃப்ரீமேசன் மண்டபத்தைக் கடந்து சென்றபோது, அது ஏதோ இரகசியக் கூட்டத்தார் கூடும் இடம் என்று உன் தோழி அச்சத்தோடு சொன்னதாகவும், மூலைமட்டத்தையும் கவராயத்தையும் பின்னிச் சின்னமாகக் கொண்ட அச்சங்கத்தார் உண்மையில் எதை நம்புகிறார்கள், எதை அனுஷ்டிக்கிறார்கள் என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். நான் அச்சங்கத்தைச் சேர்ந்தவன் அல்லேன். ஆயினும் அதன் நூல்களை வாசித்தும், அதில் நெடுங்காலம் இருந்த நண்பர்களோடு அளவளாவியும் அறிந்தவற்றைக் கட்டட இயல் பயிலும் உனக்குச் சொல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

ஐரோப்பாவின் பேராலயங்களை எழுப்பிய கற்றச்சர்களின் தொழிற்கூட்டங்கள் காலப்போக்கில் தொழில் செய்யாத கனவான்களையும் அறிஞர்களையும் தம்முள் சேர்த்துக்கொண்டு, கல்லைச் செதுக்குவதை விட்டு மனிதனைச் செதுக்குவதைத் தம் தொழிலாகக் கொண்டன என்பதும், லண்டனில் நான்கு சபைகள் 1717-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் ஒன்றுகூடித் தலைமைச் சபையாகிய கிராண்ட் லாட்ஜை நிறுவின என்பதும் அவர்களுடைய மரபு. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. சகோதர அன்பு, துயர்துடைத்தல், சத்தியம் என்ற மூன்றுமே அவர்களுடைய மூலதர்மங்கள். கொத்தனாரின் கருவி ஒவ்வொன்றும் அங்கே ஒழுக்கத்தின் குறியீடு ஆகிறது: மூலைமட்டம் நடத்தையின் நேர்மையையும், கவராயம் ஆசைக்கு இடும் எல்லையையும், தூக்குக்குண்டு நிமிர்ந்து நிற்கும் வாழ்வையும் குறிப்பன. இருபத்துநான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தைத் தெய்வ வழிபாட்டுக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் பிறர் துயர் தீர்ப்பதற்கும் பகிர்ந்தளிக்கச் சொல்கிறது. சபையில் செதுக்காத கல் ஒன்றும் செதுக்கி முடித்த கல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். ஒன்று மனிதன் வந்த நிலை, மற்றது அவன் அடைய வேண்டிய நிலை.

இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது முதற்படித் தீட்சையில் நிகழும் ஒரு சிறு சடங்கு. நம் கரிசல் பூமியில் வீடு கட்டுகிறவன் படும் பாட்டை நீ அறிவாய். மழைக்காலத்தில் நீரை உண்டு உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடித்துப் பிளக்கும் இம்மண்ணில் மேல்மண்ணை நம்பிச் சுவர் எழுப்பினால் சில கோடைகளுக்குள் மூலைதோறும் விரிசல் காணும் என்பதால், சுக்கான் பாறை தட்டுப்படும் வரையில் வானம் தோண்டிய பின்னரே நம் கொத்தனார்கள் கல் வைப்பார்கள். அவ்வாறே, ஊரார் கொடுக்கும் கௌரவத்தின்மீது அன்று, அந்தரங்க சுத்தியின்மீதே மனிதன் தன் வாழ்வை எழுப்ப வேண்டும் என்று உணர்த்துவதற்காக, புதிதாக வந்தவனைச் சபையின் வடகிழக்கு மூலையில் அஸ்திவாரக் கல்லின் ஸ்தானத்தில் நிறுத்துகிறார்கள். நம் ஊர்களில் மனைகோலும்போது ஈசானிய மூலையில் பூஜை செய்யும் வழக்கத்தை நினைத்துக்கொள். உள்ளே நுழைவதற்கு முன்பே அவனிடமிருந்த காசும் மோதிரமும் வேறு உலோகப் பொருள்களும் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் அவனிடம், ஏழைகளுக்காக ஏதேனும் தர்மம் செய் என்று கேட்கிறார்கள். எவ்வளவு பெரிய தனவந்தனாக இருந்தாலும், கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமில்லாமல், பலர் பார்க்க அவன் தலைகுனிந்து இல்லை என்று சொல்ல வேண்டியவனாகிறான். வெறுங்கையோடு ஒருவன் உன் வாசலுக்கு வரும்போது இந்தக் கணத்தை நினைத்துக்கொள் என்பதே அவனுக்கு அங்கு அளிக்கப்படும் உபதேசம்.

தானம் செய்வதைப் புகழும் சமயங்கள் பல; கொடுப்பவனையே ஒரு கணம் இல்லாதவனாக்கி, இல்லாமையின் கூச்சத்தை அவன் உடம்பிலேயே உணரச் செய்யும் இம்முறையை நான் மிக உயர்ந்ததாக மதிக்கிறேன். 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகளைத் தேடி நடந்தவர்களின் சந்ததியார் நாம். மானம் பார்த்த இந்தப் பூமியில் நேற்றுக் கொடுத்தவன் இன்று கேட்பவன் ஆவதற்கு ஒரு மழை தவறினால் போதும். ஆகையால் அந்த வடகிழக்கு மூலையின் பொருள் கரிசல்காட்டாருக்கு விளங்குவது போல வேறு எவருக்கும் எளிதில் விளங்காது என்று தோன்றுகிறது.

ஆன்மிகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இச்சங்கம் ஒரு மதம் அன்று. அதற்கென்று மோட்சமார்க்கமோ வேதமோ கிடையாது. ஆனால் பரம்பொருள் ஒன்று உண்டு என்று நம்பாதவனை அவர்கள் சேர்ப்பதில்லை. அப்பரம்பொருளைப் பிரபஞ்சத்தின் மகா சிற்பி என்ற பெயரால் அழைத்து, அது யார், அதன் திருநாமம் யாது என்று கேளாமல் விட்டுவிடுகிறார்கள். விசுவகர்மாவை வணங்கும் நம் தச்சரும் கொல்லரும் சிற்பியரும் இந்தப் பெயரைக் கேட்டால் அந்நியமாக எண்ணமாட்டார்கள். 1961-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், ராம்பூர் நவாப் சையத் ரஸா அலி கான் முதல் தலைவராக அமைய, இந்திய கிராண்ட் லாட்ஜ் தனித்து நிறுவப்பெற்றது. அதன் சபைகளில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், ஜெந்த் அவெஸ்தா ஆகியவை புனித நூல்களாக ஏற்கப்பெற்று, ஒவ்வொருவரும் தத்தம் நூலின்மீதே பிரதிக்ஞை செய்கிறார்கள். மதவாதமும் அரசியல் வாதமும் சபைக்குள் தடுக்கப்பட்டவை. தன் தெய்வத்தை விட்டுக்கொடுக்காமலே பிறன் தெய்வத்தின் முன்னும் பணிவோடு நிற்கப் பழக்கும் இவ்வேற்பாட்டை நம் காலத்துக்கு மிகவும் வேண்டிய ஒன்றாகவே கருதுகிறேன்.

கொள்கையின் உயர்வைச் சொல்லி, நடப்பின் குறையை மறைத்துவிட எனக்கு மனமில்லை. கொத்தனார் தளத்தின் மட்டம் பார்க்கும் கருவி, சபைக்குள் எல்லோரும் சமம் என்பதற்கு அடையாளம். மன்னனும் குமாஸ்தாவும் அங்கே ஒரே தரையில் நிற்க வேண்டும் என்பது விதி. திருச்சிராப்பள்ளியில் 1770-களின் நடுப்பகுதியில் ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா தீட்சை பெற்று, இச்சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியராகச் சொல்லப்படுகிறார்; நம் தமிழ்நாட்டிலே நிகழ்ந்தது அது. அரசகுமாரனுக்கு அவ்வளவு எளிதாகத் திறந்த கதவு, சாதாரண இந்தியனுக்குத் திறக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்! பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்ஸி கனவான் மறுக்கப்பட்டுப் பாரிஸுக்குச் சென்று சேர நேர்ந்தது. பின்னர் 1843-இல் இந்தியருக்கும் இடமளிக்கும் சபை ஒன்று பம்பாயில் அமைந்தது. பல தெய்வங்களை வணங்கும் இந்து ஒரே பரம்பொருளை நம்புகிறவன் ஆவானா என்ற தர்க்கம் கல்கத்தாவில் பல்லாண்டு நடந்து, 1872-இல் பிரசன்ன குமார தத்தர் அனுமதிக்கப்பட்ட பிறகே தணிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1884-இல், அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். அவரே பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆனார். சமத்துவத்தைக் கருவியாகக் கையில் வைத்திருந்தவர்களே அதைத் தங்கள் சொந்த வாசற்படியில் வைத்துப் பார்க்க நூறாண்டுகள் தயங்கினார்கள். பெண்களுக்கு அந்தப் பழைய சபைகளின் கதவு இன்றும் திறக்கவில்லை. ஆண், பெண் இருபாலாரையும் சேர்க்கும் வேறொரு பிரிவில் 1902-ஆம் ஆண்டு பாரிஸில் தீட்சை பெற்று, அதை இந்தியாவுக்கும் கொணர்ந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். அவர் செய்ததே நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் தோழி அஞ்சிய இரகசியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் கைக்குறிகளும் சொற்களுமே அவர்கள் வெளியிடாதவை. தர்மங்களில் மறைவு எதுவும் இல்லை. எனினும் கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறவர்களை உலகம் ஐயுறுவது இயல்பு. கத்தோலிக்கத் திருச்சபை 1738-இலேயே தன் மக்களை அச்சங்கத்தில் சேரக்கூடாதென்று தடுத்தது.

இனி, இச்சங்கத்தாருடைய மூன்றாம் படியின் மையமாக உள்ள கதையைக் கேள். சாலமோன் அரசரின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராமிடம், உரிய காலத்துக்கு முன்பே தொழிலின் உயர்ந்த இரகசியத்தைப் பறிக்க எண்ணிய மூவர், அவர் இணங்காமையால் ஆலயம் முற்றுப்பெறுமுன்பே அவரைக் கொன்றுவிடுகிறார்கள். வாக்குறுதிக்காக உயிரை விட்டவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். இக்கதையை வாசித்தபோது என் நினைவு, நம் ஊருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலைக்கே ஓடிற்று. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலம் வரை செதுக்கிய சிற்பியர், அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுப்போன வெட்டுவான் கோயிலை நீயும் பார்த்திருக்கிறாய். மேலே சமணத் திருவுருவங்களைச் செதுக்கிய தந்தை, கீழே கோயில் செதுக்கிய மகனின் உளியோசையில் தன்னிலும் மேலான கைத்திறனைக் கேட்டுப் பொறாமை கொண்டு அவனைக் கொன்றான் என்பது ஊரார் வழங்கும் கதை. அங்கே இரகசியத்தைக் காத்தமையால் ஒருவன் இறந்தான். இங்கே திறமை வெளிப்பட்டமையால் ஒருவன் இறந்தான். இரண்டில் நம் ஊர்க் கதையே ஆழமானது என்பேன். சகோதர அன்பு என்ற சொல்லுக்கு முதல் பகைவன் வெளியிலிருந்து வருவதில்லை. நம்மினும் மேலாக ஒருவன் எழுவதைப் பொறாத நம் நெஞ்சமே அந்தப் பகைவன்.

அதே கழுகுமலையில், எந்தச் சமூகத்தார் தேர்வீதிகளில் செல்லலாம் என்ற பூசல் முற்றி, 1895-ஆம் ஆண்டு தேர்த்திருவிழாவின்போது உயிர்கள் பலியாயின. சமத்துவத்தின் மட்டத்தை அந்நிய நாட்டுச் சபைகளில் வைத்துக் குறை கண்ட நாம், நம் தெருவிலும் அதை வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மகளே, அந்த மண்டபத்தில் உனக்கு இடமில்லை என்று வருந்தாதே. அதன் தர்மங்களை அனுஷ்டிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு படிப்பு முடிந்து, உன் பொறுப்பில் முதல் கட்டடம் எழும்போது, மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் கல் சுமக்கும் சித்தாளுக்கும் ஒரே பானையில் தண்ணீர் இருக்கட்டும். ஒத்த வேலை செய்யும் பெண்ணுக்கு ஆணின் கூலியே கிடைக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளம் அந்தி சாய்வதற்குள் அவர்கள் கைக்குச் சேரும்படி பார்த்துக்கொள். பொங்கலுக்குத் தவறாமல் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா